எண் இல்லாத கற்கள்

கியோத்தோவில் படித்த நாட்களில், மாலை நேரங்களில் ஒரு சிறிய உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை பார்த்தேன். மாணவர் விசாவில் இருப்பவர்கள் அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்ய ஜப்பானில் இடமுண்டு. உடன் படித்தவர்கள் பெரும்பாலும் இரவுக் கடைகளில் கல்லாவில் நின்றார்கள். எனக்கு மொழி இன்னும் கைவராத காலம். பேச்சு அதிகம் வேண்டாத வேலையாகத் தேடியபோது இது கிடைத்தது. கமோ ஆற்றுக்குக் கிழக்கே ஒரு சந்துக்குள் இருந்த கப்போ உணவகம் அது. கப்போ உணவகத்தில் வாடிக்கையாளர்கள் நீண்ட மரப்பலகையின் முன் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் நிற்கும் சமையல்காரர் அவர்கள் கண்முன்னேயே நறுக்கி, வேகவைத்து, தட்டில் எடுத்து வைப்பார். எங்கள் சமையல்காரரைத் தாய்ஷோ என்று கூப்பிடுவோம். நம் ஊர்ச் சமையலறைகளில் மாஸ்டர் என்று கூப்பிடுகிறோமே, அந்த மரியாதை.

கடைசி வாடிக்கையாளர் போனதும் அடுப்புகள் அணையும். நான் தட்டுகளைக் கழுவி அடுக்குவேன். தாய்ஷோ கத்திகளைக் கழுவி, ஈரத்துணி விரித்த பலகைமேல் வரிசையாக வைப்பார். மீனின் தலையையும் முள்ளையும் வெட்டும் கனமான தேபா, பச்சை மீனைச் சீவும் நீளமான யனாகிபா, காய்கறிக்கு உசுபா. மூன்றுமே ஒரு பக்கம் மட்டும் சரிவு உள்ள கத்திகள். அன்று வேலை செய்த கத்தியை அன்றிரவே தீட்டிவிடுவார். காலையில் வந்து தீட்டினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "தீட்டின உடனே கத்தியில இரும்பு வாசனை இருக்கும். ராத்திரி முழுக்க ஆறட்டும்" என்றார். பச்சை மீனை அப்படியே சீவி வைக்கிற தொழிலில் அந்த வாசனை வாடிக்கையாளரின் நாக்குக்குத் தெரிந்துவிடும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

தீட்டும் ஓசை கேட்டுத்தான் நான் முதலில் திரும்பிப் பார்த்தேன். மூன்று கற்கள் வைத்திருப்பார். முதல் கல்லில் சரக் சரக்கென்று சந்து முனைவரை கேட்கும். இரண்டாவதில் அது தணிந்து சீராகும். மூன்றாவது கல் சாம்பல் நிறம், ஓரங்கள் ஒழுங்கில்லாதது. பக்கங்களில் கருப்பு அரக்குப் பூசி, மரச்சட்டத்தில் பொருத்தியிருந்தார். அந்தக் கல்லில் கத்தி ஓடும்போது பக்கத்தில் நிற்பவரும் காது கொடுத்துத்தான் கேட்க வேண்டும். முதல் இரண்டும் தொழிற்சாலையில் செய்தவை. மூன்றாவது கியோத்தோவின் மேற்கு மலைகளிலிருந்து வெட்டி எடுத்தது. ஜப்பானியர் அந்த வகைக் கல்லை அவாசெதோ என்கிறார்கள். தீட்டும் வேலையின் கடைசிக் கட்டத்துக்கான கல்.

நான் நின்று பார்ப்பதைக் கவனித்திருக்க வேண்டும். ஒருநாள் பழைய உசுபா ஒன்றை என்னிடம் கொடுத்தார். வருடக்கணக்காகத் தீட்டித் தீட்டி அகலம் பாதியாகத் தேய்ந்துபோன கத்தி. கூடவே செங்கல் நிறத்தில் ஒரு செயற்கைக் கல், கிங் 1000. ஜப்பானில் தீட்டப் பழகுகிற பலருக்கு முதல் கல் அதுதான். தண்ணீரில் போட்டால் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறும். குமிழி அடங்கியதும் எடுத்து, வழுக்காமலிருக்க ஈரத்துணிமேல் வைக்க வேண்டும்.

ஒரு பக்கச் சரிவுக் கத்தியைத் தீட்டுவது, இரு பக்கச் சரிவுக் கத்தியைவிடப் புரிந்துகொள்ள எளிது. சரிவு அகலமாக இருக்கும். அந்தச் சரிவை அப்படியே கல்மேல் படியவைத்தால் கோணம் தானாக அமைந்துவிடும். வலது கை பிடியில், இடது கையின் விரல்நுனிகள் தீட்டும் இடத்துக்கு நேர் மேலே. விரல் எங்கே அழுத்துகிறதோ அங்கேதான் கல் இரும்பைத் தின்னும். விளிம்பு முழுவதையும் பகுதி பகுதியாகத் தேய்த்துக்கொண்டே வந்தால், சற்று நேரத்தில் மறுபக்கத்தில் விரலைக் குறுக்கே ஓட்டும்போது பிசிர் தட்டுப்படும். அடிமுதல் முனைவரை விடாமல் பிசிர் எழுந்துவிட்டால், கல் விளிம்பை எட்டிவிட்டது என்று அர்த்தம். பிறகு கத்தியைப் புரட்டி, பின்பக்கத்தைக் கல்மேல் தட்டையாக வைத்து, மெல்ல ஓரிரு முறை இழுத்தால் பிசிர் போய்விடும். அந்தப் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு உட்குழிவாக இருக்கும். சுற்றியுள்ள மெல்லிய விளிம்பு மட்டும்தான் கல்லைத் தொடும். பின்பக்கத்தில் பலத்தைக் காட்டினால் அந்தக் குழிவு சீக்கிரமே மறைந்துவிடும். அத்துடன் கத்தியின் ஆயுளில் பாதியும் போய்விடும். "முன்பக்கம் வேலை, பின்பக்கம் மரியாதை" என்பார் தாய்ஷோ.

இந்தக் கத்திகளில் மென்மையான இரும்போடு கடினமான எஃகு சேர்த்து அடிக்கப்பட்டிருக்கும். வெட்டும் விளிம்பு மட்டும் எஃகு. அதைத் தாங்கும் உடல் இரும்பு. எஃகு பெரும்பாலும் ஷிமானே மாவட்டத்தின் யாசுகியிலிருந்து வருவது. வெள்ளைக் காகிதம், நீலக் காகிதம் என்று அவற்றைச் சுற்றிவந்த தாளின் நிறத்தாலேயே வகைகளைச் சொல்கிறார்கள். கரி மிகுந்த அந்த எஃகு மிகக் கடினமானது, துருவும் பிடிக்கும். சூடேறினால் பதம் இறங்கிவிடும். நம் தெருக்களில் சைக்கிளை நிறுத்திச் சக்கரம் சுழற்றிச் சாணை பிடிப்பவர் முன்னால் தீப்பொறி பறக்க நின்று பார்த்திருக்கிறேன். அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அது போதும். யனாகிபாவின் காகிதம் போன்ற விளிம்பை அந்தச் சக்கரத்தில் கொடுத்தால் ஒரு நொடிச் சூட்டில் எஃகு இளகிப்போகும். அதனால்தான் தண்ணீர், அதனால்தான் கை.

பல மாதங்கள் கழிந்து, கிங் கல்லில் நான் தீட்டிய உசுபாவால் வெள்ளை முள்ளங்கியைச் சுற்றிச் சுற்றி அறுபடாத தாளாக உரித்துக்காட்டிய பிறகு, அந்தச் சாம்பல் கல்லை என் முன் நகர்த்தினார்.

"இது எத்தனாம் நம்பர்?" என்று கேட்டேன்.

கேள்வி இயல்பானதுதான். செயற்கைக் கற்கள் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் மின்சார உலையில் சிலிக்கான் கார்பைடைச் செய்தார். வைரத்துக்குச் சற்றே குறைந்த கடினம் கொண்ட அந்தத் துகளையும், பிறகு அலுமினாவையும், வேண்டிய அளவில் பிரித்தெடுத்துக் கல்லாக இறுக்க முடிந்தது. எண் கூடக் கூடத் துகள் நுணுகும். 1000-இல் விளிம்பை எழுப்பி, 3000-இல் மெருகேற்றி, 8000-இல் முடிக்கலாம். கடைக்குப் போய் எண்ணைச் சொன்னால் போதும். மலைக்கல்லுக்கு அப்படி எதுவும் கிடையாது. வாடிக்கையாளர் விடாமல் கேட்பதால் வியாபாரிகள் தோராயமாக ஓர் எண்ணைச் சொல்லிவைப்பார்கள், அவ்வளவுதான்.

தாய்ஷோ எண் சொல்லவில்லை. "தேய்ச்சுட்டு நீ சொல்லு" என்றார்.

மலைக்கல்லை ஊறவைக்கக் கூடாது. படிவுப் பாறை என்பதால் தண்ணீர் இறங்கினால் அடுக்கு அடுக்காகப் பிளந்துவிடக்கூடும். பக்கங்களில் அரக்குப் பூசியிருப்பதும் அதற்காகத்தான். குளிர்காலத்தில் உறைபனி படாத இடமாகப் பார்த்து வைப்பார்கள். மேலே கையளவு தண்ணீர் தெளித்து, நகுரா என்ற சிறு கல்லை அதன்மேல் வட்டமாகத் தேய்த்தால் வெளிறிய சேறு எழும். கல்லில் இழைத்த சந்தனம் தொட்டால் எப்படி இருக்குமோ, அந்தக் குழைவு. அதன்மேல் கத்தியை வைத்தேன். முதலில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தது. விரல்நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் நகர்ந்தது. நான்கைந்து இழுப்பிலேயே வெளிறிய சேற்றில் மெல்லிய கருங்கோடுகள் விழுந்தன. எஃகு கரைந்து வருகிறது. சேற்றைக் கழுவக் கூடாது. வேலை செய்வதே அதுதான். தேய்க்கத் தேய்க்க அது கருத்து, நுணுகி, கையில் தெரிந்த பிடிமானமும் மாறியது. தொடக்கத்தில் இருந்த கரகரப்பு போய், கல் கத்தியை லேசாக இழுத்துப் பிடிப்பதுபோல் ஆனது. அப்போது துணியால் துடைத்துப் பார்க்கச் சொன்னார்.

கிங் கல்லில் தீட்டிய கத்தியின் சரிவு முழுவதும் கோடு கோடாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. இப்போது மேல்பகுதி இரும்பு பளபளப்பை இழந்து மங்கலாக, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து பட்டாலும் ஒரே சீராகத் தெரிந்தது. அதற்குக் கீழே விளிம்பை ஒட்டி எஃகு தெளிவாக மின்னியது. இரண்டும் சேருமிடம் அலையலையாக ஒரு கோடு. கொல்லர் உலையில் இரண்டையும் ஒட்டவைத்த அந்த இடத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. கத்தியில் அது எப்போதும் இருந்தது. கல்தான் காட்டியது. இந்த மங்கலான மெருகுக்குக் கசுமி என்று பெயர்.

காரணம் கல்லின் உடம்பில் இருக்கிறது. அதில் மிக நுண்ணிய குவார்ட்ஸ் மணிகளும், தகடு தகடான மைக்கா வகைக் கனிமங்களும் கலந்திருக்கின்றன. மணிகள் இரும்பைக் கடிக்கின்றன, தகடுகள் அந்தக் கடியை மட்டுப்படுத்துகின்றன. துகள்கள் ஒரே அளவில் இல்லாததால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலைந்துபோகின்றன. மென்மையான இரும்பு மங்குகிறது. கடின எஃகில் அவ்வளவு ஆழமாகக் கீறல் விழுவதில்லை, அதனால் மின்னுகிறது.

தாய்ஷோவின் அலமாரியில் வேறு சில மலைக்கற்களும் இருந்தன. மஞ்சள் படர்ந்த ஒன்று, சின்னச் சின்னத் துளைகள் கொண்ட ஒன்று, காக்கைச் சிறகின் நிறத்தில் புள்ளிகள் தெறித்த ஒன்று. நிறத்தை வைத்து விலை ஏறும் என்றாலும் நிறத்தை வைத்துத் தீட்ட முடியாது. மென்மையான கல் வேகமாகச் சேறு விடும், அழகாக மங்கலாக்கும். கடினமான கல்லில் சேறு தானாக எழாது, ஆனால் விளிம்பு கூர்மையாக முடியும். உசுபாவில் அற்புதமாக வேலை செய்த கல் யனாகிபாவில் வழுக்கியது. ஒரே கொல்லர் அடித்த இரண்டு கத்திகளுக்கு வெவ்வேறு கற்கள் பொருந்தின. "இது நல்ல கல்லா?" என்று கேட்டால், "எந்தக் கத்திக்கு?" என்பார். எண் போட்ட கல்லில் பாதி முடிவை வேறு யாரோ எனக்காக எடுத்துவைத்திருக்கிறார்கள். இங்கே சேற்றின் நிறம், ஓசை, விரலில் தெரியும் இழுப்பு ஆகியவற்றைத் தவிர எனக்குத் தகவல் சொல்ல எதுவும் இல்லை. தீட்டுவது என்ற வேலை எனக்குப் புரியத் தொடங்கியது அந்தக் கல்லில்தான்.

பல்கலைக்கழக விடுதியில் நிலவியல் படித்த நண்பர் ஒருவர் இருந்தார். என் கல் பித்தைக் கேட்டுவிட்டு, "அது எங்கே உருவானது தெரியுமா?" என்று ஆரம்பித்தவர் விடியும்வரை பேசினார். இன்று மலைமேல் கிடக்கும் அந்தக் கல், கண்டங்களிலிருந்து வெகுதூரத்தில், ஆழ்கடலின் தரையில் படிந்த சேறு. ஆற்று மணல் எட்டாத தூரம் என்பதால் அங்கே பெரிய துகள் எதுவும் வந்து விழவில்லை. காற்றில் பறந்துவந்த நுண்தூசியும், ரேடியோலேரியா என்ற கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் சிலிக்கா ஓடுகளும்தான் விழுந்தன. ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்ற வேகத்தில் படிந்தது. அந்த ஓடுகள் நிறைய இருந்தால் படிவு, செர்ட் என்ற கண்ணாடி போன்ற கடினப் பாறையாகிவிடும். அதில் கத்தி தீட்ட முடியாது, வழுக்கும்.

ஏறத்தாழ 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியில் பேரழிவு ஒன்று நடந்தது. கடல் உயிரினங்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்துபோயின. ரேடியோலேரியாவும் ஏறக்குறைய காணாமல் போனது. அதன்பின் சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு ஆழ்கடலில் செர்ட் படியவில்லை. சிலிக்கா குறைந்து களிமண் மிகுந்த சேறு மட்டும் படிந்தது. பின்னர் கடல்தரைத் தட்டு மெல்ல நகர்ந்து ஆசியாவின் விளிம்பில் மோதி, சுரண்டி ஒட்டவைத்ததுபோல் அந்த அடுக்குகள் கரையேறின. கியோத்தோவைச் சுற்றிய தாம்பா மலைப்பகுதி அப்படி உருவானது. கீழே செர்ட், மேலே செர்ட், நடுவில் தீட்டுக்கல். ஜப்பானிய நிலவியலாளர்கள் அந்த அடுக்கைத் 'தொய்ஷி வகைக் களிப்பாறை' என்றே குறிப்பிடுகிறார்கள். தொய்ஷி என்றால் தீட்டுக்கல். உயிர்கள் மீளத் திணறிய அந்த நீண்ட இடைவெளியில் படிந்த சேற்றில்தான் நான் முள்ளங்கி நறுக்கும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்ட பிறகு, ஒரு விரற்கடை கனமுள்ள கல்லைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அதற்குள் சில ஆயிரம் ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன என்ற நினைப்பு எனக்கு வரும். இன்றும் வருகிறது.

நண்பரோடு அந்த மலைப்பக்கம் போனேன். கியோத்தோ ரயில் நிலையத்திலிருந்து தக்காவோவுக்குப் போகும் பேருந்து உமெகஹத்தா வழியாக ஏறும். இலையுதிர் காலத்தில் மேப்பிள் இலை பார்க்கக் கூட்டம் அலைமோதும் பாதை அது. சாலைக்கு மேலே தேவதாரு மரங்களுக்கு நடுவில்தான் நகாயாமா, ஓசுகு போன்ற புகழ்பெற்ற சுரங்கங்கள் இருந்தன. அருகிலுள்ள நருதக்கியின் பெயரே ஒரு காலத்தில் கியோத்தோக் கல்லுக்கு இன்னொரு பெயராக வழங்கியது. இப்போது உள்ளே போக அனுமதியில்லை. சாலையோரச் சரிவில் உடைந்த தகடுகள் பாசி படிந்து கிடந்தன. நண்பர் ஒன்றை எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

இன்று கியோத்தோச் சுரங்கங்கள் ஏறத்தாழ எல்லாமே மூடிக்கிடக்கின்றன. கல் தீர்ந்துவிட்டதால் மூடினார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். நல்ல அடுக்குகளை எட்டுவது கடினமாகிவிட்டது உண்மைதான். ஆனால் முதலில் தீர்ந்தது வாங்குகிறவர்கள். ஒரு காலத்தில் ஜப்பானின் ஒவ்வொரு சவரக்கடைக்கும் உயர்ந்த வகைக் கல் ஒன்று வேண்டியிருந்தது. பிளேடு மாற்றும் சவரக்கத்தி வந்ததும் அந்தத் தேவை நின்றது. தச்சர்களின் இழைப்புளிக்கும் உளிக்கும் இதே கல்தான். மின்சாரக் கருவிகளும் ஆலையில் அறுத்த பலகைகளும் வந்து அதுவும் குறைந்தது. சமையலறைக்குச் செயற்கைக் கல் மலிவாக, வேகமாக, எப்போதும் ஒரே தரத்தில் கிடைத்தது. மலையைக் குடைந்து, பிளந்து, அறுத்து எடுப்பதில் பெரும்பகுதி விரிசலும் நரம்புமாகக் கழிந்துபோகும். மிஞ்சும் கொஞ்சத்தை நம்பி ஒரு குடும்பம் வாழ முடியாது. பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள்.

எஞ்சியிருக்கும் சிறு அளவிலான தோண்டுதலும் அறிவும் கமேஓகாவில் இருக்கின்றன. கியோத்தோவிலிருந்து சாகானோ ரயிலில் அரை மணி நேரம். ஹோசு ஆற்றின் பள்ளத்தாக்கைச் சுரங்கப்பாதைகளால் கடந்து போகும் ரயில். இலையுதிர் காலம் முதல் காலை வேளைகளில் மூடுபனி மொத்த ஊரையும் மூடிவிடும். நடுத்தரக் கல்லான அஓதோவுக்கு அந்த வட்டாரம் பெயர் பெற்றது. அங்கே இயற்கைத் தீட்டுக்கல்லுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருகிற இடம் இல்லை. தொட்டித் தண்ணீருக்கு மேல் கற்களை வரிசையாக வைத்து, கத்தியைக் கையில் கொடுத்து, தீட்ட விடுகிறார்கள். ஒரே மலையின் வெவ்வேறு அடுக்குகளை அடுத்தடுத்துத் தேய்த்துப் பார்த்தது அங்கேதான். தொமாஏ அடுக்கின் கல் நெருக்கமாக, சீராக இருந்தது. துளைகள் கொண்ட சுயிதா வேகமாகக் கருஞ்சேறு எழுப்பியது. ஒரே மலையில் மேலும் கீழுமாக இருந்த கற்கள் கைக்கு வேறு வேறு ஆட்களாகத் தெரிந்தன.

ஜப்பானில் எல்லா இயற்கைக் கல்லும் கியோத்தோவிலிருந்து வருவதில்லை. குமாமோதோவின் அமாகுசாத் தீவுகளில் பழுப்பு வரியோடிய நடுத்தரக் கல் கிடைக்கிறது. ஐச்சி மாவட்டத்தின் மிகாவா நகுரா எரிமலைச் சாம்பலிலிருந்து பிறந்த வெள்ளைக் கல். ஆனால் கடைசி மெருகுக்கு என்று வரும்போது எல்லோரும் கியோத்தோவைத்தான் பார்க்கிறார்கள். வாள் தீட்டுபவர்களுக்கு அது விருப்பம் சார்ந்த விஷயம்கூட இல்லை. உச்சிகுமோரி என்ற மென்மையான கல் இல்லாமல் வாளின் மேற்பரப்பில் உறைந்திருக்கும் எஃகின் நெளிவுகளை வெளிக்கொண்டுவர முடியாது. கடைசியில் அதே கல்லை மெல்லிய வில்லைகளாக்கி, பின்னால் காகிதம் ஒட்டி, கட்டைவிரலால் தேய்க்கிறார்கள். எழுத்துக்கலைக்கும் தேநீர்க் கிண்ணங்களுக்கும் புகழ்பெற்ற ஹோனாமி கோஎத்சு (1558–1637) இப்படி வாள் தீட்டிய குடும்பத்தில் பிறந்தவர்தான். அவருடைய கிண்ணங்களைப் படங்களில் பார்க்கும்போது, மேற்பரப்பை விரலால் படிக்கத் தெரிந்த கை அது என்றே எனக்குத் தோன்றும்.

ஓசாகாவுக்குத் தெற்கே சாகாய்க்கும் போய்வந்தேன். ஜப்பானியத் தொழில்முறைச் சமையல்காரர்கள் வைத்திருக்கும் கத்திகளில் பெரும்பங்கு அந்த ஊரிலிருந்து வருகிறது. அங்கே ஒருவரே முழுக் கத்தியைச் செய்வதில்லை. அடிப்பவர் வேறு, தீட்டி விளிம்பு எடுப்பவர் வேறு, பிடி மாட்டுபவர் வேறு. கொல்லர் அனுப்புவது கறுத்த, கூர் இல்லாத பட்டை. அதைக் கத்தியாக்குவது தீட்டுபவர். சம்மட்டிக்குக் கிடைக்கும் புகழ் அவர்களுக்குக் கிடைப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் குறையாகவே பட்டிருக்கிறது.

ஜூலை மாதம் கியோத்தோவில் ஹாமோ மீனின் காலம். கியோன் திருவிழாவை ஹாமோ திருவிழா என்றுகூடச் சொல்வார்கள். விலாங்கு போல் நீண்ட அந்த மீனின் சதை முழுவதும் பிடுங்கி எடுக்க முடியாத நுண்முட்கள். தோலை அறுக்காமல், சதையோடு முட்களையும் நெருக்கமாகக் கீறிக்கொண்டே போக வேண்டும். ஏறத்தாழ 3 சென்டிமீட்டருக்கு 24 கீறல்கள் விழ வேண்டும் என்பது தொழிலில் சொல்லப்படும் இலக்கணம். அதற்கென்று கனமான தனிக் கத்தி உண்டு. தாய்ஷோ அந்த மாதம் முழுவதும் அந்தக் கத்திக்கு ஒரே கல்லைத்தான் பயன்படுத்தினார், அலமாரியின் கோடியில் இருந்த, கைக்கு அடங்காத கோணல் கல். கத்தி தன் எடையாலேயே இறங்கும், முள் அறும் சிறு ஓசை கேட்கும், தோலுக்கு மயிரிழை முன்னால் நிற்கும். கொதிநீரில் முக்கியதும் கீறல்கள் விரிந்து சதை வெண்மையாகச் சுருண்டு மலரும். முள் இருந்ததே நாக்குக்குத் தெரியாது.

இயற்கைக் கல்லில் தீட்டினால்தான் கத்தி கூராகுமா? இல்லை. நல்ல செயற்கைக் கல்லில் அதே அளவு, சில நேரம் அதைவிட அதிகக் கூர் கிடைக்கும், அதுவும் பாதி நேரத்தில். தாய்ஷோவே முதல் இரண்டு கட்டங்களையும் செயற்கைக் கல்லில்தான் முடித்தார். கூர் நீடிப்பதில் மலைக்கல் மேலானது என்பது அவர் அனுபவம். என் கைக்குத் தெரிந்தது வேறு. கண்ணாடிபோல் மெருகேறிய விளிம்பு தக்காளித் தோலில் முதல் நொடி வழுக்கும். மலைக்கல்லில் முடித்த விளிம்பு தொட்டதும் பற்றிக்கொள்ளும். துகள்கள் ஒரே அளவில் இல்லாததால் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு பற்கள் மிஞ்சுகின்றன என்று நினைக்கிறேன். அது தவிர, அந்தக் கல்மேல் செலவிடும் கடைசிச் சில நிமிடங்களில் கத்தியைப் பற்றி வேறெங்கும் தெரிந்துகொள்ள முடியாத பலவற்றைக் கை தெரிந்துகொள்கிறது. எனக்கு அது போதுமான காரணம்.

இப்போது நல்ல கியோத்தோக் கற்கள் உலகெங்கும் சேகரிப்பாளர்களின் பெட்டிகளுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. முத்திரையும் நிறமும் பார்த்து வாங்கி, ஒருமுறைகூட நனைக்காமல், இன்னும் விலையேறும் என்று வைத்திருக்கிறார்கள். இது எனக்கு உடன்பாடில்லை. தேய்ந்து தீர்வதற்காகத்தான் அந்தக் கல் மலையிலிருந்து இறங்கியது. சாதாரணமாகத் தீட்டும் வீட்டில் நடுத்தர அளவுக் கல் ஒன்று ஒரு மனிதரின் ஆயுளுக்கும் வரும், மகளுக்கும் மிஞ்சும். அதைப் பூட்டிவைப்பதில் யாருக்கும் லாபமில்லை.

இதைப் படித்துவிட்டுத் தீட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நம் வீடுகளில் இருக்கும் மெல்லிய எவர்சில்வர் கத்திக்கு மலைக்கல் வேண்டாம். அந்த எஃகு மென்மையானது, அவ்வளவு நுணுக்கமான விளிம்பைத் தாங்காது. 1000 எண் கொண்ட ஒரு செயற்கைக் கல் போதும். கல்லின் நடுப்பகுதி சீக்கிரம் குழியும். அவ்வப்போது தட்டையான கண்ணாடிமேல் உப்புத்தாளை ஒட்டித் தேய்த்துச் சமப்படுத்துங்கள். குழிந்த கல்லில் எவ்வளவு தேய்த்தாலும் நேரான விளிம்பு வராது. பிசிர் எழுவதை விரல் தானாக உணரும்வரை அந்த ஒரு கல்லோடேயே இருங்கள். பிறகு கரி எஃகுக் கத்தி ஒன்று கைக்கு வந்து, மலைக்கல்லும் வாங்கத் தோன்றினால், பெரிய சதுரக் கல்லுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். கொப்பா என்று விற்கும் கோணல் துண்டுகள் அதே அடுக்கிலிருந்து வந்தவை, விலை பல மடங்கு குறைவு. சுரங்கத்தின் பெயரையோ நிறத்தையோ வியாபாரி சொல்லும் எண்ணையோ பார்த்து வாங்காதீர்கள். உங்கள் கத்தியை உடன் எடுத்துப் போங்கள். தேய்த்துப் பார்க்க விடுகிற கடையில் மட்டும் வாங்குங்கள்.